பன்னெண்டு மாசக் கைவேலை

தொடாதீங்க தம்பி. உடைஞ்சிடும்னு சொல்லல. உடைஞ்சா எனக்கு நிம்மதி. அந்த அட்டையில என் பேரைப் போட்டு, கீழ ‘ஒரு வருஷக் கைவேலை’ன்னு எழுதி, சுத்தி பூ வேற வரைஞ்சு வெச்சிருக்கு பாருங்க, அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீங்க வேற கூடையைக் கையில எடுத்து, அட நல்லா இருக்கேங்கறீங்க. பழகின ஆளா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நீங்க புதுசு. இந்தக் கைப் பயிற்சிக்கு இன்னிக்குத்தான் முத நாளா? அதான் பார்த்தேன். உட்காருங்க. டாக்டர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். அவர் கடிகாரத்துல அரை மணின்னா நம்ம கடிகாரத்துல ஒரு மணி.

கைக்கு என்ன? லாரி கதவா? அடப் பாவமே. சரி, விரல் இருக்குல்ல, அதுவே பெரிசு. எனக்கு ஸ்ட்ரோக். ஒன்றரை வருஷம் முன்னாடி. வாய் கோணிச்சு, அது நேராயிடுச்சு. காலு இழுத்துச்சு, அதுவும் பரவால்ல, இங்க நடந்துதான் வந்தேன். நாக்குக்கு ஒண்ணும் ஆகல. அதுதான் போயிருக்கணும்னு என் மச்சான் வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கான். இந்த வலது கை மட்டும்தான் இப்படி. மடியில பார்சல் மாதிரி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் பாருங்க.

நானா? வாட்ச் ரிப்பேர். முப்பத்தோரு வருஷம். கடையில மச்சானும் நானும் பங்கு, அவன் வீட்டுக்காரியோட தம்பி. அவன் முன்னாடி கவுன்ட்டர்ல நின்னு பட்டை மாத்துவான், பேட்டரி போடுவான், சிரிச்சுப் பேசுவான். உள்ள கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. அது நான். அந்த நாற்காலியில வேற ஒருத்தன் உட்கார்ந்ததில்ல. உட்கார விட்டதில்ல. ஒரு வாட்சைத் திறந்தா, முன்னாடி அதைத் திறந்தவன் யாரு, தெரிஞ்சவனா கத்துக்குட்டியான்னு ஸ்க்ரூவோட தலையைப் பார்த்தே சொல்லிடுவேன். அவசரக்காரன் திருகின ஸ்க்ரூ தலையில கீறல் இருக்கும். அந்தக் கண்ணு இன்னும் போகல. கைதான் போச்சு. அதுதான் வினை.

இதெல்லாம் எதுக்கு வரிசையா வெச்சிருக்குங்கறீங்களா? இன்னிக்கு டாக்டர் வந்து இந்த மேஜையில இருக்கிற பன்னெண்டு சாமானையும் பார்ப்பார். மாசத்துக்கு ஒண்ணு. பார்த்துட்டு, கை தேறிடுச்சு, வேலைக்குப் போகலாம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போடணும். போட்டா நான் என் நாற்காலிக்குத் திரும்பலாம். மச்சான் கறாரா சொல்லிட்டான், டாக்டர் எழுதிக் குடுக்கட்டும் மாமா, அப்புறம் பேசலாம்னு. அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மூணாம் மாசம், கேட்காம கொள்ளாம போயி மேஜையில உட்கார்ந்து, ஒருத்தரோட வாட்சைக் கீழ போட்டேன். சத்தமே வரல. ஆனா கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பினாங்க.

வீட்டிலேர்ந்து யாரும் வரலயான்னா? வரல. இருங்க, அதுக்கு வர்றேன்.

முதல்ல அந்த மஞ்சக் கம்பளி உருண்டையைப் பாருங்க. அது முத மாசம். அட்டையில ரெண்டு வட்டம் வெட்டிக் குடுத்து, நடுவுல ஓட்டை போட்டு, இதுல கம்பளியைச் சுத்துங்க அங்கிள்னு சொல்லுச்சு இங்க கைக்குப் பயிற்சி குடுக்கற பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா இடது கையால தொடக் கூடாதுன்னு ஒரு சட்டம் வெச்சிருக்கு. வலது கைதான் வேலை செய்யணும், அப்பதான் மூளை திரும்பக் கத்துக்குமாம். ரெண்டு வாரம் சுத்தினேன். மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி ஒண்ணு வந்துச்சு. உடனே சூப்பர் அங்கிள்னு சொல்லி, புறங்கையில ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுச்சு. ஆமா, ஸ்டிக்கர். சிரிக்காதீங்க, உங்களுக்கும் ஒட்டும்.

முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கும் தம்பி வாட்சுக்குள்ள. மூச்சு விட்டா பறக்கும். அதைப் பிடிச்ச கைக்கு நட்சத்திரம்! அதையும் வீட்டுக்காரி விட்டாளா? உருண்டையை டிவி மேல வெச்சா. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும், அவர் பண்ணதுங்கறா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வரைஞ்ச படத்தைக் காட்டற மாதிரி. எதிர் வீட்டம்மா அதைத் தடவிப் பார்த்துட்டு, எவ்வளவு மெத்துன்னு இருக்குங்கறாங்க. எனக்கு அந்த டிவியோட சேர்த்துத் தூக்கிப் போடணும்போல இருந்துச்சு.

அடுத்தது காகிதப் பூ. அப்புறம் மெழுகுவத்தி, அது ஏன் அப்படிச் சாய்ஞ்சு நிக்குதுன்னு கேட்காதீங்க. மூணும் கேவலம். ஆனா மூணும் என்னோடது.

நாலாவதுதான் நீங்க எடுத்தீங்களே, அந்தக் கூடை. பிளாஸ்டிக் பட்டை. இங்க பாதி பின்னுவேன், மீதியை வீட்டுக்குக் கொண்டு போயிப் பின்னணும். மத்தியானம் ஒரு மாத்திரை இருக்கு எனக்கு, போட்டா ரெண்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும். காலையில பின்னுவேன், தூங்குவேன், எந்திரிச்சுப் பார்ப்பேன். பரவால்லயே, நேராத்தானே வருதுன்னு தோணும். காலையில கோணலாத் தெரிஞ்சதெல்லாம் தூக்கக் கலக்கம்னு நெனச்சுக்கிட்டேன். முட்டாள்! கூடையை இங்க கொண்டு வந்து வெச்சப்ப அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. அவரும் தோளைத் தட்டினார்.

எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு தம்பி. அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல. நம்பாம இருந்த வரைக்கும் கோவம் மட்டும்தான் இருந்துச்சு, சமாளிச்சேன். நம்பிக்கை வந்ததும் கடைக்குப் போயி மச்சான்கிட்ட, என் விளக்கைத் துடைச்சு வையிடான்னு சொல்லிட்டு வந்தேன். வாசல்ல நின்ன கஸ்டமர்கிட்டயெல்லாம், வருஷக் கடைசியில வாங்க, நானே பார்க்கறேன்னு சொன்னேன்.

அஞ்சாவது மாசம் அந்த மண் கப்பு. அதைத் திருப்புங்க. அடியில ஒரு எழுத்து இருக்கா? என் பேரோட முத எழுத்து. அவங்கவங்க சாமான்ல அவங்கவங்க எழுத்தைக் கீறணும்னு சொன்னாங்க. ஈரத்துணி சுத்தி வீட்டுக்குக் கொண்டு போயி, சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து, ஈர்க்குச்சியால நானே கீறினேன். நண்டு நடந்த மாதிரி இருந்துச்சு. தூங்கி எந்திரிச்சுப் பார்த்தா எழுத்து நேரா நிக்குது. அச்சடிச்ச மாதிரி.

யோசிச்சுப் பாருங்க. என் கையெழுத்தையே திருத்தியிருக்கா! உலகத்துல எந்தப் பொண்டாட்டியாவது இதைப் பண்ணுவாளா? பேங்க் செக்குல பண்ணியிருந்தா உள்ள போயிருப்பா.

உடனே கூடையை எடுத்து வெச்சு லென்ஸைக் கண்ணுல மாட்டிப் பார்த்தேன். நான் முடிச்சுப் போட்டா நுனி இடது பக்கம் படுக்கும், வலது கை இழுக்காததால. அடியில நாலு முடிச்சு அப்படி இருக்கு. மேல போகப் போக எல்லாம் வலது பக்கம் படுத்திருக்கு. ஒரு முடிச்சுக்குள்ள ஒரு முடி வேற மாட்டியிருந்துச்சு. பாதி வெள்ளை, பாதி மருதாணிச் சிவப்பு. எனக்குத்தான் தலையில முடியே கிடையாதே.

கத்தலயான்னா? கத்தியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா கத்தினா ஒத்துக்கணும்ல? இதெல்லாம் இந்தக் கை பண்ணலன்னு நானே ஊருக்குச் சொல்லணும்ல? முழுங்கிட்டேன். ஒருநாள் மத்தியானம் மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கிட்டேன். கதவிடுக்கு வழியா பார்த்தா, சமையல்கட்டு ஜன்னல் ஓரமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கா. மடியில ஆறாவது மாசம் நான் பண்ணிக்கிட்டிருந்த பாசிமணி விரிப்பு. என் ட்வீசரால, வாட்ச் பாகம் எடுக்கற அந்தச் சின்ன இடுக்கியால, ஒவ்வொரு பாசியா எடுத்துக் கோக்கறா. என் ட்வீசர்! யாரைக் கேட்டு எடுத்தா? ஏதோ முனகிக்கிட்டு வேற இருக்கா, பாட்டு மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

அன்னிக்கு முடிவு பண்ணேன். சரிடி, எது வரைக்கும் போறேன்னு பார்க்கறேன்.

அதுக்கப்புறம் நான் பண்ணதெல்லாம் கைவேலையே இல்ல. வஞ்சம். வேணும்னே தப்பு விடுவேன். பாசி விரிப்புல முழுக்க நீலம், உள்ள ஓரத்துல ஒரே ஒரு கருநீலம் கோத்து வெச்சேன். பகல் வெளிச்சத்துல கூடத் தெரியாது. மறுநாள் இல்ல. அந்தக் கைக்குட்டை இருக்குல்ல, பூத்தையல்? இருநூறு தையல்ல ஒரே ஒரு தையலைப் பின்பக்கமா இழுத்து விட்டேன். போச்சு. தறியில நெய்யற மாதிரி பின்னின தோரணத்துல ஒரு இழையைத் தாண்டி விட்டேன். அதையும் பிடிச்சுட்டா. அட்டைப் பெட்டியில ஒரு மூலையை நூலளவு தள்ளி ஒட்டினேன். என் மச்சானுக்கு அதை ஒரு வாரம் கையில குடுத்தாலும் தெரியாது. இவ பிரிச்சு, திரும்ப ஒட்டி, பசை வழிஞ்ச இடத்தைக் கூடச் சுரண்டி வெச்சிருக்கா.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கிட்டது கிடையாது இதைப் பத்தி. சாப்பிட வாங்கங்கறா, போறேன். மாத்திரை போட்டாச்சாங்கறா, போட்டாச்சுங்கறேன். நான் தப்பை ஒளிச்சு வைக்கறேன், அவ தேடிப் பிடிக்கறா. நாலு மாசம் இதுதான் எங்க குடும்பம். எனக்கு ஒவ்வொரு நாளும் ஆத்திரம் ஏறிக்கிட்டே போகுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ கோட்டை விட்டா போதும், அப்படியே பிடிச்சு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுடலாம்னு காத்துக்கிட்டு இருக்கேன். விடவே மாட்டேங்கறா.

பத்தாவது மாசம் நேரா அந்தப் பயிற்சிப் பொண்ணுகிட்ட போனேன். அம்மா, இந்தப் பூ, பொம்மையெல்லாம் போதும், என் கடையிலேர்ந்து ஒரு அலாரம் கடிகாரம் கொண்டு வர்றேன், பிரிச்சுப் பூட்டறேன்னேன். ஓ தாராளமா அங்கிள், கைவேலைதானேன்னு சொல்லுச்சு. பிரிச்சேன். அது அந்தப் பக்கம் திரும்பினப்ப இடது கையை விட்டுக்கிட்டேன், இல்லன்னா நடக்குமா? உள்ள ஒரு சக்கரத்தைச் சரியா உட்கார வைக்காம, மேல தகட்டை மூடி, ஒரு ஸ்க்ரூவை அரைத் திருகுல விட்டுட்டேன். வேணும்னு விட்டேன்னு சொல்றேன். நிஜத்தைச் சொல்லணும்னா, இந்தக் கையால அந்த ஸ்க்ரூ அவ்வளவுதான் திரும்பிச்சு.

இதுல மாட்டுவா பாருன்னு நெனச்சேன். பூவும் பாசியும் பொம்பளைங்க யாரு வேணாலும் பண்ணலாம், இது என் இடம்னு. கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன், மாத்திரையைப் போட்டேன், நல்லாவே தூங்கினேன். எந்திரிச்சப்ப டிக் டிக்னு சத்தம்.

அது ஓடுது தம்பி. அடுத்த நாள் இங்க வந்து, அந்தப் பொண்ணைப் பின்தகட்டைத் திறக்கச் சொல்லி, லென்ஸை வெச்சுப் பார்த்தேன். சக்கரம் உட்கார்ந்திருக்கு. ஸ்க்ரூ முழுசா இறங்கியிருக்கு. அது தலையில ஒரு கீறல் இல்ல. ஒரே ஒரு கீறல் இல்ல! நான் தொழில் கத்துக்க வந்த முத வருஷம் நூறு ஸ்க்ரூ தலையைக் கெடுத்திருக்கேன். அடி வாங்கியிருக்கேன் அதுக்கு. இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? யாரும் சொல்லல. இத்தனை வருஷம் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டு வந்து வெச்சுட்டு, நான் வேலையிலேர்ந்து கையை எடுக்கற வரைக்கும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருப்பா. சாப்பாடு ஆறுதேன்னு நிக்கறான்னு நெனச்சேன். என் கையைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கா.

சந்தோஷப்பட்டேனான்னா கேட்கறீங்க? பொய் சொல்ல மாட்டேன். பொறாமை. ரெண்டு நாள் சோறு இறங்கல. என் கை செத்துக் கிடக்கு, அவ கை என் வேலையைப் பண்ணுது. ஆம்பளைக்கு அது எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா?

ஆனா பாருங்க, மூணாம் நாள் எனக்கே தெரியாம ஒண்ணு நடந்துச்சு. அடுத்த தப்பு என்ன விடலாம்னு யோசிக்கறேன். எதுல அவ மாட்டுவான்னு யோசிக்கல. அலாரம் கடிகாரம் ஆச்சு, இதுக்கு அடுத்தது என்னன்னு யோசிக்கறேன். புதுசா ஒருத்தன் வேலை கத்துக்க வந்தா எந்த வரிசையில சொல்லிக் குடுப்பேனோ அந்த வரிசை. பதினோராவது மாசம் அந்தப் பழைய சாவி குடுக்கற கைக்கடிகாரம். ஒரு வாரம் அழுக்கு, அடுத்த வாரம் எண்ணெய், அதுக்கடுத்த வாரம் குடுத்த சாவி நிக்காத மாதிரி ஒரு கொக்கியில தப்பு. ஒவ்வொண்ணா விட்டேன். ஒவ்வொண்ணா சரியாச்சு. எண்ணெய் மட்டும் முத தடவை கூடுதலா விட்டுட்டா. அன்னிக்கு நான் சும்மா சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து, எண்ணெய்ங்கறது குண்டூசி முனையில எடுக்கறதுல பாதிதான்னு காத்துல பார்த்துச் சொன்னேன். அவ குழம்பு ஊத்திக்கிட்டே ம்னா. மறுநாள் எண்ணெய் சரியா இருந்துச்சு.

கடைசியா அந்தச் சுவர்க் கடிகாரம். அட்டையில வெட்டி, பெயின்ட் அடிச்சு, பேட்டரி மெஷினை ஒட்டணுமாம். என்கிட்ட பேட்டரி மெஷின்! அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், அங்கிளுக்குக் கடிகாரம் பிடிக்கும்னு ஆசையா வாங்கிட்டு வந்திருக்கு. ஒட்டினேன். ரெண்டு முள்ளும் ஒண்ணோட ஒண்ணு உரசற மாதிரி விட்டுட்டுத் தூங்கினேன். இப்பப் போயி குனிஞ்சு பாருங்க, ரெண்டு முள்ளுக்கும் நடுவுல. ஒரு காகிதம் போற இடம் இருக்கா? அவ்வளவுதான் இருக்கணும். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.

வீட்டிலேர்ந்து ஏன் யாரும் வரலன்னு கேட்டீங்கள்ல? அவ கடையில இருக்கா. என் நாற்காலியில. மூணு நாளாச்சு. திங்கக்கிழமை காலையில சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு, வான்னேன். செருப்பை மாட்டிக்கிட்டு வந்தா. மச்சான் நான் வர்றதைப் பார்த்துட்டு, மாமா, பேப்பர் வந்துடுச்சான்னு ஆரம்பிச்சான். தள்ளுடான்னேன். நாற்காலியை அவ உயரத்துக்கு இறக்கி, விளக்கைப் போட்டு, இந்த இடது கையால லென்ஸை எடுத்து அவ கண்ணுல வெச்சேன். அக்கா கண்ணுல எதுக்கு மாமா லென்ஸுங்கறான் அவன். யாரோ ஒரு அம்மாவோட சின்ன வாட்ச் மேஜையில கெடந்துச்சு, திறன்னேன். திறந்தா.

அப்பதான் கேட்டா, உங்களுக்கு எப்பத் தெரியும்னு. மண் கப்பு பண்ணப்பவேன்னேன். எதுக்குடி பண்ணேன்னு கேட்டேன். முதல்ல உங்களுக்காகத்தான் பண்ணேன், அப்புறம் கை நிக்கவே மாட்டேன்னுச்சுன்னு சொன்னா. குனிஞ்ச தலை நிமிரல, ஸ்க்ரூவைப் பார்த்துக்கிட்டேதான் பேசறா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. இவ்வளவு ஆசை இருந்தா இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல, வாயில என்ன இருந்துச்சுன்னு கத்திட்டேன். மச்சான் கவுன்ட்டர்லேர்ந்து எட்டிப் பார்க்கறான்.

கேட்டேனேன்னு சொன்னா. கல்யாணம் ஆன முத வருஷம். சாப்பாடு கொண்டு வந்தவ, நான் ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டு ட்வீசரைத் தொட்டாளாம். நான் அதைப் பிடுங்கி, அதாலயே அவ புறங்கையில ஒண்ணு வெச்சேனாம். சுளீர்னு. கடையில ஆளுங்க இருந்தாங்களாம்.

எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. மூணு நாளா மண்டையைக் கசக்கறேன், வரமாட்டேங்குது. அதுதான் எனக்குத் தாங்கல. மத்ததுக்கெல்லாம் யார் மேலயாவது கோவப்பட்டுக்கலாம். இதுக்கு யார்கிட்ட போயிக் கத்தறது?

அதோ, டாக்டர் வந்துட்டார். என் பேரைத்தான் கூப்பிடறாங்க. இல்ல, நான் கையெழுத்து வாங்க வரல. இந்தக் கை இதுக்கு மேல தேறாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் இன்னிக்குச் சொல்லிடுவேன். முத மூணு மட்டும்தான் என்னோடது. அந்த மூணுக்கு மட்டும் அட்டையில என் பேர் இருக்கட்டும். மீதி ஒன்பதுக்கும் அதே அட்டையில அவ பேரை எழுதணும். உங்ககிட்ட பேனா இருக்கா? குடுங்க. அந்தக் கைக்கு நீட்டாதீங்க தம்பி, அது அடிச்ச கை. இந்தக் கையில குடுங்க.